காதுவலி என்று போனவர்கள்: ஒரு தாடை மூட்டின் கதை

முறுக்கு கடிக்கும்போது 'கடக்'குனு ஒரு சத்தம். முறுக்கு உடையற சத்தம்னுதான் முதல்ல நினைச்சேன். இட்லி சாப்பிடும்போதும் அதே சத்தம் வந்தப்புறம்தான் சந்தேகம் வந்துச்சு :-) கூடவே வலது காதுக்குள்ள மந்தமா ஒரு வலி. காது டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். பல் டாக்டர் கடைவாய்ப் பல்லைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு "பிடுங்கிடலாமே" என்றார் (நல்லவேளை, தப்பித்து ஓடி வந்துவிட்டேன்). மூன்றாவதாகப் பார்த்தவர்தான் கருவி எதையும் எடுக்காமல், என் இரண்டு காதுகளுக்கும் முன்னால் தன் விரல்களை வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து மூடச் சொன்னார். அரை நிமிஷம். "காதும் இல்ல, பல்லும் இல்ல. தாடை மூட்டு. லேசா தேய்மானம் இருக்கும்போல" என்றார்.

முழங்கால் மூட்டுத் தேய்மானம் தெரியும். இடுப்பு தெரியும். தாடையிலுமா? வீட்டுக்கு வந்து தோண்ட ஆரம்பித்தால், ஒரு துப்பறியும் நாவல் மாதிரி போய்க்கொண்டே இருக்கிறது. என்ன ஒன்று, இதில் துப்பறிவாளர்கள் மாறி மாறித் தப்பான ஆளையே பிடிக்கிறார்கள்.

கதைக்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை. ஆபீசில் உட்கார்ந்து படிப்பவர்கள் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு செய்யவும். காதுத் துவாரத்துக்கு நேர் முன்னால் விரலை வைத்து வாயை மெதுவாகத் திறங்கள். முதல் பாதியில் உள்ளே ஒரு குமிழ் சும்மா சுழல்கிறது, கதவுக் கீல் மாதிரி. இன்னும் பெரிசாகத் திறந்தால் அந்தக் குமிழ் அப்படியே முன்பக்கம் வழுக்கிக்கொண்டு போகிறது. முழங்கையோ விரலோ இப்படிச் செய்வதில்லை. மண்டையோட்டுக்கும் தாடை எலும்புக்கும் நடுவே ஒரு மெல்லிய டிஸ்க் இருந்து, குமிழோடு சேர்ந்து நகர்கிறது. இடமும் வலமும் ஒரே எலும்பின் இரண்டு முனைகள் என்பதால், ஒரு பக்கம் மட்டும் தனியாக லீவு போட முடியாது.

இன்னொரு விசேஷமும் உண்டு. முழங்கால் எலும்பின் முனையை மூடியிருப்பது கண்ணாடி போன்ற வழவழப்பான குருத்தெலும்பு. தாடை மூட்டில் இருப்பது நாரிழைகள் ஓடும் வேறு வகை. தேய்ந்தாலும் ஓரளவு தன்னைத்தானே சரிப்படுத்திக்கொள்ளும் குணம் இதற்கு அதிகம். (இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.) அப்புறம் அக்கம்பக்கம். மூட்டுக்குப் பின்சுவரே காதுக் குழாய்தான். மூட்டுக்கு உணர்ச்சி கொடுக்கும் நரம்பே காதின் ஒரு பகுதிக்கும் போகிறது. மூட்டில் வலித்தால் காதில் வலிப்பதுபோல் மூளை ஏமாறுவதில் ஆச்சரியம் இல்லை. என்னோட காது டாக்டரை இப்போ மன்னிச்சுட்டேன்.

வியாதி புதுசு இல்லை. 1908-ல் பிரான்சில் லா ஷப்பேல்-ஓ-செயின் என்ற ஊரின் குகையில் ஒரு நியாண்டர்தால் மனிதனின் எலும்புக்கூடு கிடைத்தது. சுமார் ஐம்பதாயிரம் வருஷத்துக்கும் முந்தையது. பல் நிறைய போய், ஈறு எலும்பும் கரைந்துபோன 'கிழவர்'. மார்செலின் பூல் என்ற அறிஞர் இவரை வைத்துத்தான் நியாண்டர்தால்கள் எல்லாருமே கூன் விழுந்து, முழங்காலை மடக்கி, குரங்கு மாதிரி நடந்தார்கள் என்று எழுதினார். 1957-ல் ஸ்ட்ராஸ், கேவ் என்ற இருவர் மறுபடி எலும்புகளைப் பார்த்தபோது, மனுஷனுக்கு உடம்பெல்லாம் மூட்டுவாதம் என்று தெரிந்தது. கழுத்தெலும்பில், முதுகில், தாடை மூட்டிலும். ஒரு நோயாளியைப் பார்த்து ஓர் இனத்தையே எடை போட்டிருக்கிறார்கள். தாடை மூட்டுவாதத்தைத் தப்பாகப் படிப்பதற்கு இதைவிடப் பெரிய பிள்ளையார் சுழி கிடைக்காது.

பழைய வைத்தியர்களுக்குத் தாடை மூட்டு தெரியாமல் இல்லை. கி.மு. 1600 வாக்கில் எழுதப்பட்ட எகிப்தியச் சுருள் ஒன்று (1862-ல் எட்வின் ஸ்மித் என்ற அமெரிக்கர் வாங்கியது, அவர் பெயரிலேயே வழங்குகிறது) 48 நோயாளிகளைப் பற்றிச் சொல்கிறது. அதில் 25-வது ஆளுக்குத் தாடை நழுவி வாய் மூடமாட்டேன் என்கிறது. கட்டைவிரல்களை வாய்க்குள் விட்டு, மற்ற விரல்களை மோவாய்க்குக் கீழே வைத்து, தள்ளி உட்கார வை என்கிறது சுருள். இன்றும் அவசர சிகிச்சைப் பிரிவில் கிட்டத்தட்ட இதையேதான் செய்கிறார்கள். ஹிப்போக்ரட்டீஸும் சொல்கிறார். நம்ம சுஸ்ருதரும் ஒத்தடம் கொடுத்து, மூட்டைப் பொருத்தி, ஐந்து வால் கட்டு போடச் சொல்கிறார்.

ஆனால் இதெல்லாம் நழுவல். வெளியே தெரிகிற வியாதி. மெதுவாகத் தேய்கிற, உள்ளுக்குள் வீங்குகிற மூட்டுவாதம் கண்ணுக்குத் தெரியாது. அதனால் யாரும் செத்துப் போவதும் இல்லை. எனவே 1800-களில்தான் யாராவது கவனிக்கவே ஆரம்பிக்கிறார்கள். லண்டனில் ஆஸ்ட்லி கூப்பர், தாடையில் 'டக்' சத்தம் வரும் இளம் பெண்களைப் பற்றி எழுதினார். எடின்பரோவில் தாமஸ் அனன்டேல், 1887-ல், நழுவிய டிஸ்கை இழுத்துத் தைத்ததாக லான்செட்டில் எழுதினார்.

1895-ல் எக்ஸ்ரே வந்தது. இனி எல்லாம் தெரிந்துவிடும் என்று பார்த்தால், அதுவும் இல்லை. பக்கவாட்டில் படம் எடுத்தால் இரண்டு பக்க மூட்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும். போதாததற்கு, உடம்பிலேயே மிகக் கெட்டியான எலும்புகளில் ஒன்றான காதெலும்பு குறுக்கே நிற்கும். சாய்வாக எடுக்கும் உத்தியை வியன்னாவின் ஷூலர் கண்டுபிடித்த பிறகும் கிடைத்தது பாதி நிழல்தான்.

இந்தப் பாதி நிழலில்தான் நம் கதாநாயகர் வருகிறார். ஜேம்ஸ் காஸ்டன். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் காது மூக்கு தொண்டை மருத்துவர். 1934-ல் ஒரு கட்டுரை எழுதினார், மொத்தம் 11 நோயாளிகள். காது வலி, காது அடைப்பு, தலைசுற்றல், சைனஸ் வலி, நாக்கு எரிச்சல். காதைப் பார்த்தால் காதில் ஒன்றும் இல்லை. காரணம் தாடை மூட்டு என்றார் காஸ்டன். அதுவரை சரி. அப்புறம் விளக்கம் சொன்னார்: கடைவாய்ப் பற்கள் போய்விட்டதால் தாடை மேலும் பின்னுமாக ஏறி, குமிழ் போய் நரம்பையும் காதின் உட்குழாயையும் அழுத்துகிறது. ஆகவே பல் கட்டி உயரத்தைத் திரும்பக் கொடுத்தால் எல்லாம் போகும்.

கேட்க அழகாக இருக்கிறது இல்லையா? பல் மருத்துவர்கள் இதைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார்கள். அதுவரை காது டாக்டர் வீட்டு வாசலில் நின்ற நோயாளி இப்போது பல் டாக்டர் நாற்காலிக்கு வந்தார். கடியை உயர்த்து, பல்லைத் தேய்த்துச் சமப்படுத்து, முழுவாய்க்கும் கேப் போடு. 1948-ல் வியன்னாவிலிருந்து சிகாகோ போயிருந்த உடற்கூறு நிபுணர் ஹாரி சிச்சர், பல் இல்லாவிட்டாலும் குமிழ் போய் அந்த நரம்பை அழுத்த முடியாது என்று காட்டினார். விளக்கம் செத்தது. சிகிச்சை சாகவில்லை, 'காஸ்டன் சிண்ட்ரோம்' என்ற பெயரும் பல வருஷம் புத்தகங்களில் இருந்தது. பாவம் காஸ்டன். வலியின் முகவரியைச் சரியாகத்தான் சொன்னார். வழி சொன்னதில்தான் தப்பு.

அடுத்தது தசை. நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லாஸ்லோ ஷ்வார்ட்ஸ் ஒரு தனி கிளினிக் வைத்துப் பார்த்தார். வருகிற பலருக்கு மூட்டில் பெரிதாக எதுவும் இல்லை, மெல்லும் தசைகள்தான் இறுகிப் பிடித்துக்கொண்டு வலிக்கின்றன என்றார். சிகாகோவில் டேனியல் லாஸ்கின் 1969-ல் இன்னும் ஒரு படி போனார்: மன அழுத்தம், அதனால் பல்லைக் கடிப்பது, அதனால் தசை களைப்பு, அதனால் வலி.

லாஸ்கின் குழு செய்த ஒரு சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. 1976-ல் வெளியானது. 25 பேருக்குப் பல்லைத் தேய்த்துக் கடியைச் சமப்படுத்துவதாகச் சொல்லி, அப்படிச் செய்வது போல நடித்தார்கள். உண்மையில் எதையும் தேய்க்கவில்லை. 16 பேருக்கு வலி முழுசாகவோ கிட்டத்தட்ட முழுசாகவோ போய்விட்டது! அப்படியென்றால் நாற்பது வருஷமாகப் பல்லைத் தேய்த்துச் சம்பாதித்ததெல்லாம்..? ஹிஹி.

சிரித்துவிட்டேன், ஆனால் இதில் ஒரு ஊமைக்காயமும் இருக்கிறது. சிகிச்சைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 'மன அழுத்தம்' என்ற சொல் ஆராய்ச்சிக் கட்டுரையில் ஓர் அர்த்தத்தில் இருக்கும், டாக்டர் ரூமில் வேறு அர்த்தத்தில் வரும். "எல்லாம் உங்க மனசுலதாம்மா." தசைவலிக்காரரோடு சேர்த்து, நிஜமாகவே எலும்பு அரிக்கிற ஆர்த்ரைட்டிஸ்காரரையும் அப்படிச் சொல்லித் திருப்பி அனுப்ப ஒரு நல்ல சாக்கு கிடைத்தது. அப்படித் திருப்பி அனுப்பப்பட்ட ஒருவருக்கு, "உன் வலி நிஜம், இதோ படத்தில் தெரிகிறது பார்" என்று யாராவது சொன்னால் எப்படி இருக்கும்?

சொன்னார்கள். 1970-களின் கடைசியில் மின்னியாபொலிஸின் கிளைட் வில்க்ஸ் மூட்டுக்குள் சாயம் செலுத்திப் படம் எடுத்து, நழுவிய டிஸ்கைக் காட்டினார். (டென்மார்க்கின் நோர்கோர் 1947-லேயே இந்த வழியைப் போட்டுவிட்டார், கண்டுகொள்ள ஆளில்லை.) அலபாமாவில் ஃபாரர் என்ற பல் மருத்துவரும் டிஸ்க் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். டிஸ்க் நழுவும், அப்புறம் கிழியும், அப்புறம் எலும்பு தேயும், கடைசியில் மூட்டுவாதம். படிப்படியாக இறங்கும் ஒரு மாடிப்படி. இப்படி ஒரு படம் மனசில் விழுந்துவிட்டால், முதல் படியிலேயே கத்தியை எடுக்கத் தோன்றும்தானே? கெட்டுப்போன டிஸ்கை எடுத்துவிடு, இடத்தில் செயற்கையாக ஒன்றை வை.

அந்த 'ஒன்று', ஹூஸ்டனில் வைட்டெக் என்ற கம்பெனி செய்த ப்ரோப்ளாஸ்ட்-டெஃப்லான் தகடு. ஆமாம், தோசைக்கல்லில் பூசுகிற அதே டெஃப்லான். ஏற்கனவே சந்தையில் இருக்கும் பொருள் போன்றதுதான் என்று காட்டி 1983-ல் அமெரிக்க அரசின் அனுமதி வாங்கினார்கள். இருபத்தைந்தாயிரத்துக்கும் மேல் வெளியே போயின.

டெஃப்லான் வழுக்கும், வாஸ்தவம். ஆனால் அழுத்தித் தேய்த்தால் துகளாக உதிரும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை மெல்லுகிறோம், பேசுகிறோம், கொட்டாவி விடுகிறோம்? உதிர்ந்த துகளை உடம்பு அந்நியப் படையாகப் பார்த்தது. பூதாகரமான செல்கள் திரண்டு வந்து துகளைத் தின்னப் பார்த்தன, கூடவே பக்கத்து எலும்பையும் கரைத்தன. சிலருக்கு மூட்டுக் கூரையே அரிக்கப்பட்டது, அதற்கு மேலே இருப்பது மூளை. முன்பற்கள் சேரவில்லை, வாய் திறக்கவில்லை, வலி முன்னைவிட மோசம். சரிசெய்ய இன்னொரு ஆபரேஷன், அப்புறம் இன்னொன்று. லேசான தேய்மானத்தோடு போனவர்கள் நிஜமான, கொடூரமான மூட்டு அழிவோடு திரும்பி வந்தார்கள். 1990-ல் கம்பெனி திவால். அந்த டிசம்பரில் அரசின் எச்சரிக்கை, அடுத்த வருஷம் திரும்பப் பெறும் உத்தரவு, 1992-ல் அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் விசாரணை.

எனக்குத் தாங்காத விஷயம் இதுதான்: டெஃப்லான் உதிரும் என்பது முன்பே தெரியும். இங்கிலாந்தில் இடுப்பு மாற்று அறுவையின் பிதாமகர் ஜான் சார்ன்லி 1950-களின் கடைசியில் டெஃப்லான் கிண்ணங்களைச் சுமார் 300 பேருக்கு வைத்தார். சில வருஷத்தில் எல்லாம் தேய்ந்து, துகள் பரவி, தோல்வி. மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? தன் தொடையிலேயே டெஃப்லானைச் செலுத்திக்கொண்டு, கட்டி உருவாவதைத் தடவிப் பார்த்து, 1963-ல் லான்செட்டில் எழுதினார். இருபது வருஷம் கழித்து அதே பொருள் தாடைக்கு வருகிறது! இடுப்பு டாக்டர் படிக்கும் பத்திரிகையைத் தாடை டாக்டர் படிப்பதில்லை போலும்.

இன்னொரு கட்டுரையும் படிக்கப்படாமல் கிடந்தது. 1966, நெதர்லாந்தின் க்ரோனிங்கன் பல்கலைக்கழகம், போரிங் என்பவரின் ஆய்வேடு. (பேரைப் பார்த்துக் கிண்டல் வேண்டாம்.) 400 தாடை மூட்டுத் தேய்மான நோயாளிகளைப் பார்த்து அவர் சொன்னது: பெரும்பாலோருக்குச் சத்தம், அப்புறம் வலியும் வாய் திறக்காமையும், அப்புறம் கொஞ்ச வருஷத்தில் தானாகவே அடங்கிவிடும். எழுதியது டச்சு மொழியில். சுமார் முப்பது வருஷம் கழித்து அந்த நோயாளிகளில் சிலரைத் தேடிப் பிடித்து மறுபடி படம் எடுத்தார்கள். எலும்பு தேய்ந்துதான் இருந்தது. ஆட்களுக்கு வலி பெரிதாக இல்லை! மேலே சொன்ன நாரிழைக் குருத்தெலும்பு ஞாபகம் இருக்கா? மூட்டு புது வடிவத்துக்கு மாறி வேலையைப் பார்க்கிறது. எம்.ஆர்.ஐ. வந்த பிறகு எந்தத் தொந்தரவும் இல்லாத ஆரோக்கியமானவர்களை எடுத்துப் பார்த்தால், கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு டிஸ்க் நழுவியிருந்தது. மாடிப்படிக் கதையும் அவ்வளவுதான்.

அதற்காக "விட்டுவிட்டால் போதும்" என்று எல்லோருக்கும் சொல்ல முடியாது. தேய்மான மூட்டுவாதம் ஒன்று. ரத்தத்திலேயே எதிர்ப்புச் சக்தி தடம் மாறி மூட்டைத் தாக்கும் அழற்சி மூட்டுவாதம் வேறு. முடக்குவாதம் தாடைக்கு வந்தால் இரண்டு குமிழ்களும் கரைந்து தாடை பின்பக்கம் குட்டையாகும். கடைவாய்ப் பல் மட்டும் முட்டிக்கொள்ளும், முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழும். "திடீர்னு முன்பல்லால வெங்காயத்தைக் கடிக்க முடியல" என்று ஒருவர் சொன்னால் அது பல் பிரச்சினை இல்லாமல் இருக்கலாம்.

குழந்தைகள் விஷயம் இன்னும் மோசம். லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் 1897-ல் 22 குழந்தைகளை வைத்து, சிறுவர் மூட்டுவாதம் பெரியவர்களுடையதிலிருந்து வேறானது என்று எழுதினார். தாடை எலும்பு வளரும் இடம் அந்தக் குமிழின் மேல்தோலுக்குச் சற்றுக் கீழேயே இருக்கிறது. அங்கே அழற்சி வந்தால் வளர்ச்சி நின்றுபோகும். மோவாய் சிறுத்து உள்வாங்கும், ஒரு பக்கம் மட்டும் என்றால் முகம் கோணும். கொடுமை என்னவென்றால், பல குழந்தைகளுக்கு வலியே இருக்காது. "தாத்தா ஜாடை, சின்ன மோவாய்" என்று வீட்டில் கொஞ்சிக்கொண்டிருப்பார்கள். வாய் திறப்பு குறைகிறதா, திறக்கும்போது ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பார்ப்பது, சந்தேகம் இருந்தால் சாயம் ஏற்றிய எம்.ஆர்.ஐ. இவைதான் வழி. ஸ்டில் காலத்தில் கண்டுபிடித்தாலும் கொடுக்க மருந்து இல்லை. 1999-லிருந்து உயிரியல் மருந்துகள் குழந்தைகளுக்கும் கிடைக்கின்றன. சீக்கிரம் தெரிந்தால் முகம் தப்பிக்கும்.

சரி, இப்போது எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? 1992-ல் ஆராய்ச்சிக்காக ஒரு பொது அளவுகோல் வந்தது. 2014-ல் அதைத் திருத்தி கிளினிக்குக்கும் ஏற்றதாக்கினார்கள். வலி எங்கே, மெல்லும்போது கூடுகிறதா என்று கேட்பது, தசையையும் மூட்டையும் தனித்தனியாக அழுத்திப் பார்ப்பது, வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது என்று அளப்பது (40-க்குக் குறைந்தால் யோசிக்க வேண்டும், வீட்டில் மூன்று விரலைச் செங்குத்தாக நுழைத்துப் பார்க்கலாம்), அப்புறம் சத்தம். ஒற்றை 'கடக்' என்றால் அநேகமாக டிஸ்க். சரளைக்கல்லில் செருப்போடு நடக்கிற 'கரகர' என்றால் எலும்பு. ஆனால் இந்தக் கரகரவை மட்டும் நம்பினால், தேய்மானம் உள்ள 100 பேரில் 55 பேரைத்தான் பிடிக்க முடியும், இல்லாத 100 பேரில் 39 பேருக்கு வீணாகப் பட்டம் கட்டுவோம் என்று அந்த 2014 அளவுகோலே ஒப்புக்கொள்கிறது. இந்த அடக்கம் எனக்குப் பிடித்திருந்தது. உறுதி செய்ய வேண்டுமானால் சி.டி. வேண்டும். இத்தாலியில் 1998-ல் வெளிவந்த கூம்புக்கதிர் சி.டி. மெஷின் பல் மருத்துவமனைகளுக்குள் நுழைந்த பிறகு இது சுலபமாயிற்று. குமிழ் தட்டையாவது, அரிப்பு, ஓரத்தில் முளைக்கும் எலும்பு முள், எலும்புக்குள் சிறு குழி எல்லாம் அதில் தெரியும்.

தெரிந்தாலும் படத்துக்கு வைத்தியம் பார்க்கக்கூடாது, ஆளுக்குத்தான் பார்க்க வேண்டும் என்பதற்கு இத்தனை பேர் பட்டிருக்கிறார்கள். ஜெருசலேமின் டோரிட் நிட்சான் 1991-ல் குழுவினரோடு ஒரு வழி சொன்னார்: இரண்டு ஊசி குத்தி மூட்டுக்குள் உப்புநீரை ஓட்டிக் கழுவுவது, அவ்வளவுதான். வாய் திறக்காமல் மாட்டிக்கொண்ட பலருக்கு அதிலேயே திறந்தது. டிஸ்க் இருந்த இடத்திலேயே இருந்தது! 2023-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த வழிகாட்டுதல், நாள்பட்ட வலிக்குத் தாடைப் பயிற்சிகளையும் வலியைக் கையாளும் உளவியல் பயிற்சியையும் முன்னால் வைக்கிறது. டிஸ்கை வெட்டி எடுப்பதை வேண்டாம் என்கிறது.

எனக்கு? வலது பக்கக் குமிழ் கொஞ்சம் தட்டை. மூன்று மாசம் பயிற்சி, மெத்தென்ற சாப்பாடு, கொட்டாவி வந்தால் மோவாய்க்குக் கீழே கையை முட்டுக் கொடுப்பது. வலி போய்விட்டது. சத்தம் போகவில்லை, அது பாட்டுக்கு இருக்கட்டும். பல் பத்திரமாக இருக்கிறது.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, கையில் கிடைத்ததைப் படிக்கிற ஆள். ஆனால் இதை மட்டும் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லி வையுங்கள். 50 வயதுக்கு மேல், மெல்ல மெல்லத் தாடை வலித்து, நிறுத்தினால் அடங்கி, கூடவே பொட்டில் புதுசாகத் தலைவலி, சீவும்போது தலைத்தோல் வலி என்றால் அது தாடை மூட்டாக இல்லாமல் இருக்கலாம். பொட்டு ரத்தக்குழாயின் அழற்சியாக இருந்தால் கண் பார்வையே போகலாம், அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். நடந்தால் தாடையில் வலி, உட்கார்ந்தால் சரியாகிறது என்றால் பல் டாக்டரிடம் போகாதீர்கள், நேராக இதய டாக்டர்.